தொழில் உளவியலில் முதுநிலைப் படிப்பு: கடலூரிலிருந்து எந்த வழியில் போவது?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலூர் சிப்காட்டில் ஒரு வேதிப்பொருள் தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். வேதிப் பொறியியலில் பி.டெக். படித்தவள், வயது 29. தொழில் மற்றும் நிறுவன உளவியலில் முதுநிலைப் படிப்புப் படிக்க விரும்புகிறேன். இந்த விருப்பம் எப்படி வந்தது என்று சொல்லாமல் வழி மட்டும் கேட்டால் பொதுவான பதில்தான் கிடைக்கும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வளாகத்தில் ஒரே வகை ரியாக்டர்களை வைத்து ஒரே வகைப் பொருளைத் தயாரிக்கும் இரண்டு பிளாண்ட்டுகள் இருக்கின்றன. விபத்தாக முடியாமல் மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எழுதிப் போடுவதற்கு நியர்மிஸ் சீட்டு என்று ஒன்று உண்டு. முதல் பிளாண்ட்டிலிருந்து மாதம் 15, 20 சீட்டுகள் வரும். இரண்டாவதிலிருந்து இரண்டோ மூன்றோ வரும். சில மாதங்களில் ஒன்றுகூட வராது. சீட்டு குறைவாக வருவதால் இரண்டாவது பிளாண்ட்தான் பாதுகாப்பானது என்று கருதி, மார்ச் 4ஆம் தேதி தேசியப் பாதுகாப்பு நாளன்று கேடயத்தையும் அதற்கே கொடுத்தார்கள். கேடயம் வாங்கிய ஐந்தாவது வாரத்தில் அங்கே ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போய், ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் முன்கை வெந்துவிட்டது. விசாரணைக்காக நான் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசியபோது, அந்த இணைப்பு 11 நாட்களாகக் கசிந்துகொண்டிருந்ததும், அது நான்கு பேருக்குத் தெரிந்திருந்ததும் வெளியே வந்தன. ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "எழுதினால், கடைசியாக அதை இறுக்கியது யார் என்றுதான் முதலில் கேட்பார்கள்" என்றார் ஒருவர். கை வெந்தவரோ, "அந்தச் சீட்டு எங்களுக்கும் உண்டா, மேடம்?" என்று கேட்டார்.

கசிவைக் கணக்கிட எனக்குப் பொறியியல் சொல்லித்தந்திருக்கிறது. நான்கு பேர் 11 நாட்கள் ஏன் பேசாமல் இருந்தார்கள் என்பதை எப்படி முறையாக ஆராய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தேடிப் படித்ததில் இதற்குத் தொழில் மற்றும் நிறுவன உளவியல் என்று ஒரு துறையே இருப்பதாக அறிந்தேன். என் ஐயங்கள் இவை: நான் கேட்கும் கேள்வி உண்மையில் இந்தத் துறைக்கு உரியதுதானா? மனிதவள எம்.பி.ஏ. படித்தாலே போதும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள், அது சரியா? இளநிலையில் உளவியல் படிக்காத என்னை எங்கே சேர்த்துக்கொள்வார்கள்? தம்பியின் படிப்பு முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது. புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்த அப்பாவுக்கு இப்போது வேலை இல்லை. ஆகவே காலாப்பட்டு, சிதம்பரம் போன்ற எட்டும் தொலைவு இடங்களை முதலில் எண்ணுகிறேன். வெளிநாட்டுப் படிப்பு என்னைப் போன்றவர்களுக்கு நடக்கக்கூடியதா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அளவுகோல் (லாசுப்பேட்டை, புதுச்சேரி) எழுதியது:

கெடிலக்கரை அவர்களுக்கு வணக்கம். உளவியல் மாணவர்களுக்கு ஆய்வுமுறையும் புள்ளியியலும் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவள் நான். உங்கள் முதல் கேள்விக்கு முதலில் விடை தருகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதைப் பொறுத்தே இருக்கின்றன.

நீங்கள் பார்த்தது இந்தத் துறையின் நடுக்கூடத்துக் கேள்வி. 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மருத்துவமனைச் செவிலியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒத்துழைப்பும் உள்ள குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் தொடங்கினார். கணக்கெடுத்தபோது அந்தக் குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. நெருங்கிப் பார்த்தபோது, அங்கிருந்த செவிலியர்கள் பிழையை மறைக்காமல் எடுத்துச் சொல்லத் துணிந்திருந்ததே காரணம் என்ற விளக்கத்துக்கு வந்தார். உளவியல் பாதுகாப்பு என்ற கருத்தைப் பற்றி 1999இல் அவர் எழுதி இன்று உலகெங்கும் எடுத்தாளப்படும் கட்டுரைக்கு வேர் இந்த ஆய்வில் இருக்கிறது. அவருக்கும் முன்னால், 1980இல், டோவ் சோஹர் இஸ்ரேலில் 20 தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டு, மேலிடத்தார் பாதுகாப்பில் உண்மையாகவே அக்கறை கொண்டிருக்கிறார்களா என்பதைத் தொழிலாளர்கள் எப்படி உணர்கிறார்கள் என்று வினாத்தாள் வழியாக அளந்தார். பாதுகாப்புச் சூழல் என்று இன்று வழங்கும் கருத்து அங்கிருந்து வளர்ந்தது. உங்கள் இரண்டு பிளாண்ட்டுகளும் இந்த இரண்டு ஆய்வுகளுக்கும் நேரே உறவு. கேடயம் தவறான இடத்துக்குப் போனதற்குக் காரணம், எழுதப்பட்ட சீட்டுகளின் எண்ணிக்கையை நடந்த சம்பவங்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டதுதான்.

இங்கேதான் இந்தப் படிப்பின் உள்ளடக்கத்தைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். மனிதர்களோடு பேசிப் பழகி அவர்களை ஊக்கப்படுத்தும் கலை என்று எண்ணி இதில் சேருகிறவர்கள் மிகுதி. ஆனால் இதன் முதுகெலும்பு அளவீடு. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை, அச்சமோ திறமையோ மனநிறைவோ எதுவானாலும், எந்தக் கருவியால் அளப்பது, அந்தக் கருவி இன்றும் நாளையும் ஒரே அளவைக் காட்டுமா, அது அளப்பதாகச் சொல்வதைத்தான் அளக்கிறதா என்பனவே முதல் ஆண்டு முழுவதும் உங்களைத் துரத்தும். நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்று இவற்றைச் சொல்வோம்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் எழுதும் ஒரு தேர்வை வைத்தே விளக்குகிறேன். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்கு எழுத்துத் தேர்வுகளைத் தாண்டியவர்களுக்குக் கணினிவழி உளத்திறன் தேர்வு ஒன்று உண்டு. அதிலுள்ள ஒவ்வொரு சோதனையிலும் தனித்தனியே டி-மதிப்பெண் 42 எடுத்தாக வேண்டும்; எந்தப் பிரிவினருக்கும் இதில் தளர்வு இல்லை. சராசரியை 50 என்றும், மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதைக் காட்டும் திட்டவிலக்கத்தை 10 என்றும் வைத்து மாற்றி எழுதிய மதிப்பெண்ணே டி-மதிப்பெண். ஆகவே 42 என்றால் சராசரிக்கு 0.8 திட்டவிலக்கம் கீழே; மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் இருந்தால் ஒரு சோதனையில் பத்துப் பேருக்கு ஏறக்குறைய எட்டுப் பேர் தேறுவார்கள், ஆனால் எல்லாச் சோதனைகளிலும் தேறுகிறவர்கள் அதைவிடக் குறைவாகவே இருப்பார்கள். இந்தச் சோதனைகளுக்குப் பின்னால் இருப்பது லக்னோவிலுள்ள ஆர்.டி.எஸ்.ஓ. என்ற ரயில்வே ஆய்வு அமைப்பின் உளத்தொழில்நுட்ப இயக்ககம். ஓட்டுநரை இப்படிச் சோதித்துத் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு வயது நூறுக்கு மேல்: ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க் டிராம் ஓட்டுநர்களுக்கு வகுத்த சோதனையைத் தம் 1913ஆம் ஆண்டு நூலில் விவரித்திருக்கிறார். அவரிடம் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தாதான் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916இல் தொடங்கிய உளவியல் துறையின் முதல் தலைவர். நம் நாட்டில் உளவியல் கால் வைத்ததே இந்த வாசல் வழியாகத்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இத்துறை தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் நேர்மை உடையது என்பதும் எனக்கு அதன் மேல் உள்ள பற்றுக்கு ஒரு காரணம். 1998இல் ஷ்மிட், ஹன்டர் என்ற இருவர், ஆளெடுக்கும் முறைகள் பற்றி 85 ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டு, கேள்விகளை முன்கூட்டியே வகுத்து எல்லோரிடமும் ஒரே வகையில் கேட்டு மதிப்பெண் இடும் நேர்காணலுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள ஒட்டுறவு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.51 என்றும், மனம்போன போக்கில் நடத்தும் நேர்காணலுக்கு 0.38 என்றும் எழுதினார்கள். ஏறக்குறைய கால் நூற்றாண்டு அதுவே வேதவாக்காக இருந்தது. 2022இல் சாக்கெட் தலைமையிலான குழு அந்தக் கணக்கில் செய்த ஒரு திருத்தமுறை அளவுமீறியது என்று காட்டி, அவற்றை 0.42, 0.19 என்று குறைத்தது. வகுத்துக் கேட்கும் நேர்காணல் பட்டியலின் முதலிடத்துக்கு வந்தது. நெடுங்காலம் முதல் வரிசையில் வைக்கப்பட்டிருந்த பொது அறிவுத்திறன் தேர்வு 0.31க்கு இறங்கியது. இப்படி ஒரு கட்டுரையை வாசித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குப் புள்ளியியல் கற்பிக்காத முதுநிலைப் படிப்பை, அதன் பெயரில் தொழில் உளவியல் என்று பெரிய எழுத்தில் இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். மனிதவள எம்.பி.ஏ. ஒரு பிரிவை நிர்வகிக்கப் பயிற்சி தரும்; அதற்கு அதன் மதிப்பு உண்டு. உங்கள் கேள்விக்கு அது விடை தராது.

புதுவைப் பல்கலைக்கழகத்தில், காலாப்பட்டு வளாகத்தில், பயன்பாட்டு உளவியல் துறை இருக்கிறது, அங்கே எம்.எஸ்சி. பயன்பாட்டு உளவியல் உண்டு. சேர்க்கை தேசிய அளவிலான சி.யு.இ.டி. முதுநிலைத் தேர்வின் வழியாக நடக்கிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் உளவியல் துறை உண்டு. எந்த இளநிலைப் பட்டத்தைத் தகுதியாக ஏற்கிறார்கள் என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டில் நேரே பார்த்துக்கொள்ளுங்கள். வாய்வழிச் செய்தியை நம்பி ஓராண்டை இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன். பார்க்கும்போதே ஆசிரியர்களின் ஆய்வுக் கட்டுரைகளையும் பாருங்கள். வேலையிடம், பாதுகாப்பு, பணி அழுத்தம், ஆளெடுப்பு ஆகியவற்றில் ஆய்வு செய்யும் ஒருவர் இருந்தால் போதும். இரண்டாம் ஆண்டு ஆய்வேட்டை அவரிடம் செய்யலாம். பொறியியல் கணிதம் படித்த உங்களுக்கு ஒட்டுறவு, தொடர்புப்போக்கு, காரணிப் பகுப்பாய்வு போன்ற புள்ளியியல் முறைகள் சுமையாக இருக்காது.

ஓய்வுபெற்ற நல அலுவலர் (வடலூர்) எழுதியது:

அம்மா, வணக்கம். பேராசிரியை அம்மையார் படிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். நான் வேலைக்குள் நுழையும் கதவைப் பற்றிச் சொல்கிறேன். 31 ஆண்டுகள் தொழிலாளர் நல அலுவலராக இருந்தவன்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49ஆவது பிரிவு, 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்று வகுத்தது. 2020இல் நிறைவேறி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆக்கியிருக்கிறது. ஆனால் இந்தப் பதவிக்கான தகுதி விதிகள் சமூகப்பணி, தொழிலாளர் மேலாண்மை போன்ற படிப்புகளைக் கண்முன் வைத்து எழுதப்பட்டவை. உளவியல் முதுநிலை முடித்துவிட்டு, சட்டம் கேட்கும் பதவிகளில் ஒன்று தானாகக் கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். உங்களுக்குப் பாதுகாப்புப் பிரிவில் ஆறு ஆண்டு அனுபவம் இருக்கிறது. அந்த வேரை வெட்டிக்கொள்ளாமல் இந்தப் படிப்பை அதன் மேல் ஒட்டுச்செடியாக வைத்துக்கொண்டால், இரண்டும் தெரிந்த ஆளைத் தேடும் நிறுவனங்கள் இருக்கின்றன என்பதே என் கணிப்பு.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்கள் அப்பா புதுச்சேரி ஆலைத் தொழிலாளி என்று எழுதியிருக்கிறீர்கள். 1936 ஜூலை 30 என்ற தேதியை அவரிடம் கேளுங்கள். அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்ததுதான் என்றாலும் அந்த ஊர் ஆலைக் குடும்பங்களில் அதை அறியாதவர் இல்லை. வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளர்கள் 12 பேர் அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டு, 1937இல், பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைநாள் வந்தது. அதே காலத்தை ஒட்டித்தான், 1924 முதல் 1932 வரை, அமெரிக்காவில் சிக்காகோவுக்கு அருகே ஹாதார்ன் ஆலையில் வெளிச்சத்தையும் ஓய்வு இடைவேளையையும் மாற்றி மாற்றி வைத்து உற்பத்தியை அளந்துகொண்டிருந்தார்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் படியுங்கள். தொழிலாளியின் மனத்தை அளக்க வருகிறவருக்குச் சம்பளம் தருவது நிர்வாகம். ஆகவே, நீங்கள் வினாத்தாளை நீட்டும்போது எதிரில் இருப்பவர் மனத்தில் எழும் முதல் கேள்வி, என் பெயர் யாரிடம் போகும் என்பதுதான். என் பணிக்காலத்தில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம் என்று சொல்லி மனநிறைவுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்திவிட்டு, தாளின் மூலையில் பென்சிலால் வருகை எண்ணைக் குறித்துவைத்திருந்தது. அதை ஒருவர் கண்டுபிடித்த நாளிலிருந்து அங்கே எந்தத் தாளிலும் எவரும் உண்மையை எழுதவில்லை. பத்தாண்டுகளுக்குப் பிறகு வந்தவர்களும் எழுதவில்லை.

நல்ல முன்மாதிரியும் நம் நாட்டிலேயே உண்டு. 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையில், லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே. ரைஸ், தானியங்கித் தறிக் கூடத்தில் ஆளுக்கொரு துண்டு வேலை என்று சிதறிக்கிடந்ததை மாற்றிச் சிறு குழுக்களாக அமைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை முன்வைத்தார். தொழிலாளர்களும் மேற்பார்வையாளர்களும் அதைத் தாங்களே எடுத்துக்கொண்டு, யார் எந்தக் குழுவில் என்பதைத் தங்களுக்குள் பேசி முடிவு செய்தார்கள். துணியின் அளவு கூடியது, சேதம் குறைந்தது. தொழிலாளியைக் கேட்டுச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நான் இளையவர்களுக்கு எப்போதும் சொல்லும் எடுத்துக்காட்டு இது.

மாலைநேர மாணவி (நெல்லிக்குப்பம்) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். வேலையை விடாமல் தொலைநிலையில் படிக்கலாமே என்று யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும், அதனால் இதைத் தெரிவிக்கிறேன். நான் இக்னோ என்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. உளவியல் படித்தவள். எந்தப் பட்டதாரியும் சேரலாம், இரண்டாம் ஆண்டில் மருத்துவ உளவியல், ஆலோசனை உளவியல், தொழில் மற்றும் நிறுவன உளவியல் என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற அமைப்பு எனக்கு மிகவும் உதவியது. ஆனால் உளவியல் உள்ளிட்ட சில படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து நிறுத்திவிட்டது. துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எடுக்கப்பட்ட முடிவு அது. ஆகவே இப்போது எந்தத் தனியார் பல்கலைக்கழகமாவது இணையவழியில் உளவியல் முதுநிலை தருகிறோம் என்று விளம்பரம் செய்தால் பணம் கட்டுவதற்கு முன்பு மானியக் குழுவின் அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பெண்களுக்கு இந்தக் கதவு அடைபட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம். செய்முறைப் பயிற்சி இல்லாமல் உளவியல் பட்டம் தரக்கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் வேலையிடத்தை ஆராயும் பிரிவைப் பொறுத்தவரை, வேலையிடத்திலேயே இருந்து படிப்பவருக்கு அது குறையாக இருக்காது என்பது என் அனுபவம்.

வில்லியனூரான் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். புதுச்சேரியில் பிறந்து வளர்ந்து, இப்போது அமெரிக்காவில் இந்தத் துறையில் முனைவர் பட்டம் செய்துகொண்டிருக்கிறேன். வெளிநாடு பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

அமெரிக்காவில் இந்தத் துறைக்குள் இரண்டு பாதைகள் உண்டு, அவற்றின் பணக்கணக்கு நேர்மாறானது. இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்குப் பெரும்பாலும் நீங்களே கட்டணம் கட்டவேண்டும். ஏறக்குறைய ஐந்தாண்டு எடுக்கும் முனைவர் படிப்பில், சேர்த்துக்கொள்ளும் துறையே கற்பித்தல் உதவியாளர் அல்லது ஆய்வு உதவியாளர் வேலை கொடுத்து, கட்டணத்தை நீக்கி, மாத உதவித்தொகையும் தருவது வழக்கம். முதுநிலை முடிக்காமலே முனைவர் படிப்பில் சேரவும் முடியும். கடன் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு முனைவர் படிப்புத்தான் நடக்கக்கூடிய வழி என்று சொன்னால் ஊரில் நம்ப மறுக்கிறார்கள். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. மினசோட்டா, மிச்சிகன் ஸ்டேட், பர்டூ, பௌலிங் கிரீன் போன்ற பழம்பெரும் துறைகளில் இடங்கள் மிகக் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை.

அங்கே நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணைவிட ஆய்வு அனுபவத்தையே முதலில் பார்க்கிறார்கள். ஜி.ஆர்.இ. என்ற அந்த நுழைவுத் தேர்வு பல இடங்களில் கட்டாயமில்லை என்று ஆகிவிட்டது. விண்ணப்பக் கட்டுரையில் எதை ஆராய விரும்புகிறீர்கள், அதற்கு இந்தத் துறையின் எந்தப் பேராசிரியர் பொருத்தமானவர் என்பதே கேள்வி. நான் எழுதிய முதல் கட்டுரையில் மனிதர்களைப் புரிந்துகொள்ள ஆசை என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், ஒரு துறையும் எடுக்கவில்லை. மறு ஆண்டு, புதுச்சேரித் தொழிற்பேட்டையில் ஷிப்ட் மாற்றப் பதிவேடுகளை வைத்து நான் செய்த சிறிய ஆய்வைப் பற்றி எழுதினேன். நேர்காணலில் முக்கால் மணி நேரம் அதைப் பற்றி மட்டுமே கேட்டார்கள். நீங்கள் இங்கே எழுதியுள்ள இரண்டு பிளாண்ட்டுக் கதை அதைவிட வலிமையானது. ஆனால் அது கதையாக நின்றுவிடக்கூடாது. நீங்கள் அளந்ததாக இருக்கவேண்டும்.

பிரிட்டனை எண்ணினால் ஒரு செய்தி. அங்கே தொழில்சார் உளவியலாளர் என்ற பெயர் சட்டத்தால் காக்கப்பட்டது; அரசுப் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. இந்தியாவில் மருத்துவ உளவியலாளருக்கு மறுவாழ்வு மன்றப் பதிவு வேண்டும். நம் துறையில் அப்படிப்பட்ட உரிமம் கேட்டு யாரும் வேலை தருவதில்லை. நாட்டிலேயே முனைவர் பட்டம் செய்ய எண்ணினால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை இப்போதிருந்தே மனத்தில் வையுங்கள். 2024 முதல் அந்த மதிப்பெண் முனைவர் சேர்க்கைக்கும் பயன்படுகிறது.

கெடிலக்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நல அலுவலர் ஐயா, அப்பாவிடம் அந்தத் தேதியைக் கேட்டேன். தாத்தாவின் பெரியப்பா மகன் அன்று ஆலை வாசலில் இருந்தவர் என்று சொல்லத் தொடங்கி இரவு பதினொரு மணி வரை பேசினார். என் படிப்பைப் பற்றி அவரோடு முதல்முறையாக நிதானமாகப் பேச முடிந்ததும் அன்றுதான்.

தம்பியின் படிப்பு முடியும்வரை வேலையில் இருந்துகொண்டு சி.யு.இ.டி. தேர்வுக்குத் தயாராவது, தகுதி விதியைப் பார்த்துக் காலாப்பட்டுக்கு முதலிலும் சிதம்பரத்துக்கு அடுத்தும் விண்ணப்பிப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். வெளிநாட்டை இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன். இந்த ஓராண்டில் என் கேள்வியைக் கதை நிலையிலிருந்து அளவீட்டு நிலைக்குக் கொண்டுவர விரும்புகிறேன். பேராசிரியை அம்மா, சீட்டுகளின் எண்ணிக்கை நடந்தவற்றின் எண்ணிக்கை ஆகாது என்றீர்கள். அப்படியானால் எழுதப்படாததை நான் எப்படி எண்ணுவது? வினாத்தாள் கொடுக்க எனக்கு இன்னும் தைரியம் இல்லை. ஐயா சொன்ன பென்சில் குறி கண்ணிலேயே நிற்கிறது.

அளவுகோல் எழுதியது:

வினாத்தாள் இப்போது வேண்டாம். யாரையும் கேட்காமல், ஏற்கெனவே உங்கள் பொறுப்பில் இருக்கும் பதிவேடுகளைக் கொண்டே தொடங்கலாம்.

முதலில் சீட்டுகளை வேலை நேரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். விபத்து விகிதத்தைப் பத்து லட்சம் மனித மணிக்கு இத்தனை என்று நீங்கள் எழுதுவீர்கள் அல்லவா, அதே கணக்குத்தான். ஒப்பந்தத் தொழிலாளர்களின் மணிகளை வகுக்கும் எண்ணில் கட்டாயம் சேருங்கள். சீட்டு தங்களுக்கும் உண்டா என்பதே அறியாதவர்களை விட்டுவிட்டுக் கணக்கிட்டால் இரண்டாவது பிளாண்ட்டின் மௌனத்தில் பாதி மறைந்துபோகும். ஷிப்ட் வாரியாகப் பிரித்தும் பாருங்கள், ஏனென்றால் ஷிப்ட் மாறும்போது பொறுப்பாளரும் மாறுகிறார். உங்களுக்கு வேண்டிய ஒப்பீடு பிளாண்ட்டுக்கும் பிளாண்ட்டுக்கும் இடையில் மட்டும் இல்லை, பொறுப்பாளருக்கும் பொறுப்பாளருக்கும் இடையிலும் இருக்கலாம்.

அடுத்தது எழுதப்படாததை எண்ணுவது. கசிவு ஏற்பட்டால் சீட்டு எழுதாமல் இருக்கலாம், ஆனால் ஒரு கட்டத்தில் யாராவது அதைச் சரிசெய்தே ஆகவேண்டும். பராமரிப்புப் பிரிவின் வேலைப் பதிவேட்டில் கடந்த 12 மாதங்களில் கசிவு என்று பதிவான ஒவ்வொரு பழுதையும் எடுத்து, அதற்கு முன்னதாக அதே இடத்தைக் குறித்து நியர்மிஸ் சீட்டு வந்ததா என்று பாருங்கள். இரண்டு பிளாண்ட்டுகளுக்கும் அந்த விகிதத்தைத் தனித்தனியே எழுதுங்கள். முதல் பிளாண்ட்டில் பத்துக்கு ஆறும் இரண்டாவதில் பத்துக்கு ஒன்றும் என்று வந்தால், கசிவு எங்கே அதிகம் என்ற கேள்வியிலிருந்து, கண்ட கசிவை எங்கே சொல்கிறார்கள் என்ற கேள்வியைப் பிரித்து எடுத்துவிட்டீர்கள் என்று பொருள். பெயர் எதையும் குறிக்காதீர்கள். தேதி, ஷிப்ட், இடம் போதும். வெளியே எடுத்துச் செல்வதற்கு முன்பு நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதியையும் வாங்கிவிடுங்கள். அந்த 11 நாள் கசிவு பராமரிப்புப் பதிவேட்டில் எந்தத் தேதியில் முதலில் வருகிறது என்று பார்த்தீர்களா?

கெடிலக்கரை எழுதியது:

நேற்று பார்த்தேன், அம்மா. பராமரிப்புப் பதிவேட்டில் விபத்து நடந்த அன்றுதான் வருகிறது. ஆனால் ஸ்டோர்ஸ் பதிவேட்டையும் புரட்டினேன். கசிவு தொடங்கிய மூன்றாம் நாள் இரவு ஷிப்ட்டில், அந்தக் குழாயின் அளவுக்குரிய கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்க வைக்கும் வளையம்) ஒன்றை அந்தப் பிளாண்ட்டிலிருந்து வந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். வேலைச் சீட்டு எண் எழுதவேண்டிய கட்டம் காலியாக இருக்கிறது. அப்படிக் காலியான கட்டங்கள் கடந்த ஓராண்டில் எத்தனை என்று இரண்டு பிளாண்ட்டுகளுக்கும் எண்ணத் தொடங்கியிருக்கிறேன்.